தனியாக எழுதிப் பிழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பதினான்கு வருடமாகத் தமிழில் எழுதிக்கொடுத்து வருகிறேன். மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், பள்ளி நூற்றாண்டு மலர், இயந்திரக் கையேடு, மருத்துவமனைத் துண்டறிக்கை எல்லாம் உண்டு. மாதச் சம்பளம் இல்லாமல் எழுத்தை வைத்தே வாழ நினைக்கும் தம்பி, தங்கைகள் வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். எப்படி எழுதுவது என்று யாரும் கேட்பதில்லை. வேலை எப்படிப் பிடிப்பது, பணம் எப்படி வாங்குவது, வேலை இல்லாத மாதத்தை எப்படி ஓட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பார்க்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

உடனே வேண்டாம். இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும். ஒன்று, ஆறு மாத வீட்டுச் செலவு பேங்கில். இன்னொன்று, குறைந்தது மூன்று இடங்களிலிருந்து உங்களுக்கு இரண்டாவது முறை வேலை வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். முதல் வேலை எப்படியும் வந்துவிடும். தெரிந்தவர் சொல்லி வரும், அவசரத்துக்கு வேறு ஆள் கிடைக்காமல் வரும். அதே ஆள் மறுபடி கூப்பிட்டால்தான் உங்களை வைத்துக்கொள்ள நினைக்கிறார் என்று அர்த்தம். என் வருமானத்தில் பெரும்பங்கு திரும்பி வந்தவர்கள் கொடுத்தது. புதிதாக ஒருவரைப் பிடிக்க நான்கு சந்திப்பு, பத்து போன் ஆகும். பழையவரிடம் ஒரு வாட்ஸ்அப் போதும்.

தமிழில் எழுத யார் பணம் கொடுப்பார்கள்? பத்திரிகைகள்தானா?

பத்திரிகையில் எழுதுங்கள், பெயர் கிடைக்கும். ஆனால் வீட்டு வாடகையை அதை நம்பி வைக்காதீர்கள்.

பணம் இருக்கிற இடங்கள் கொஞ்சம் மறைவாக இருக்கும். மோட்டார், கிரைண்டர், விவசாயக் கருவி செய்கிற கம்பெனிகளுக்குக் கையேடு வேண்டும். மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் கையில் கொடுக்கத் தாள் வேண்டும். நகைக்கடை, ஜவுளிக்கடைக்கு ஆடி, தீபாவளி, பொங்கல் என்று வருடம் முழுக்க வாசகம் தேவைப்படும். ஐம்பது வருடம் கண்ட மில், நூறு வருடம் கண்ட பள்ளி, கும்பாபிஷேகம் நடத்தும் கோயில் எல்லாம் மலர் போடும். தொண்டு நிறுவனங்களுக்குக் களப் பயிற்சிப் புத்தகம் வேண்டும். யூடியூப் சேனலுக்கும் ஆடியோ தொடருக்கும் ஸ்கிரிப்ட் வேண்டும். அப்புறம், தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் பார்க்க ஆசைப்படும் பெரியவர்கள். பேரன் பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலையோடு வருவார்கள். அந்த வேலையை மரியாதையோடு செய்யுங்கள். ஒரு புத்தகம் முடிந்து வீட்டு விசேஷத்தில் அதைக் கொடுத்தால், அங்கே வந்தவர்களில் ஒருவராவது உங்கள் நம்பரைக் கேட்பார்.

முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது?

அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மோசமான தமிழைத் தேடுங்கள். எனக்குக் கதவு திறந்தது அப்படித்தான்.

வீட்டுக்கு வாங்கிய மோட்டாரோடு ஒரு தமிழ்க் கையேடு வந்தது. அதில், "பம்பை இயக்கும் முன் முறையாக முன்தயாரிப்புச் செய்யப்படுதல் அவசியமாகும்" என்று இருந்தது. எங்கள் தெருமுனையில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் படித்துக் காட்டினேன். காயில் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க, முன்தயாரிப்புன்னா என்னதுங்க?" என்றார். விஷயம் இவ்வளவுதான்: குழாயில் தண்ணீர் நிரம்பாமல் மோட்டாரைப் போட்டால் அது வெறுமனே சுற்றிச் சூடாகிக் கெட்டுப்போகும். அந்த வரியை நான் இப்படி மாற்றினேன்: "மோட்டாரைப் போடுவதற்கு முன், மேல் மூடியைத் திறந்து குழாய் நிரம்பும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் கெட்டுவிடும்."

இதே மாதிரி இரண்டு பக்கத்தை எடுத்து, இடப்பக்கம் அவர்களுடைய வரி, வலப்பக்கம் என் வரி என்று ஒரு தாளில் அச்சிட்டேன். இந்த ஊரில் பம்ப் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஏழு கம்பெனிகளுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து இடத்தில் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. ஒரு இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏழாவது கம்பெனியில் சர்வீஸ் பிரிவு மேலாளர் படித்துவிட்டு உட்காரச் சொன்னார். கையேடு புரியாமல் வாரன்டி கேட்டு வரும் மோட்டார்கள் அவருக்குத் தலைவலியாக இருந்திருக்கின்றன. தமிழ் நன்றாக இருக்கிறதா என்று அவர் யோசிக்கவே இல்லை. புகார் குறையுமா என்றுதான் யோசித்தார்.

அன்றிலிருந்து விளம்பரப் பிரிவுக்கு முன்னால் சர்வீஸ் பிரிவின் கதவைத்தான் தட்டுகிறேன். மருத்துவமனை என்றால் நர்சிங் கண்காணிப்பாளர். கடை என்றால் கவுன்டரில் நிற்கும் மூத்த விற்பனையாளர். புரியாத தமிழால் தினமும் அவதிப்படுகிறவர் யாரோ அவரிடம் போங்கள். உங்களுக்காக முதலாளியிடம் பேசுவது அவர்தான்.

ஒரு எச்சரிக்கை. தவறைக் காட்டும்போது, முன்பு எழுதியவரைக் குறை சொல்ல வேண்டாம். எழுதியது முதலாளியின் மருமகனாகக்கூட இருக்கலாம்.

வெப்சைட், ஃபேஸ்புக், லிங்க்ட்இன் எல்லாம் தேவையா?

ஒரு பக்க வெப்சைட் போதும். என்ன எழுதுவீர்கள், யாருக்கு எழுதியிருக்கிறீர்கள், மூன்று மாதிரி, போன் நம்பர். அவ்வளவுதான். யாராவது உங்கள் பெயரைச் சொன்னபின் தேடிப் பார்ப்பவருக்காக அது இருக்க வேண்டும். வெளியூர், வெளிநாட்டு வேலைக்கு லிங்க்ட்இன் உதவுகிறது. ஃபேஸ்புக்கில் நான் கவிதைக்கு விருப்பக்குறி வாங்கியிருக்கிறேன், வேலை வாங்கியதில்லை. வேறொருவருக்குக் கிடைத்திருக்கலாம்.

எனக்கு இதைவிடப் பலன் தந்தது டிடிபி கடைகளும் அச்சகங்களும். மலர் போட வருகிறவர்கள் முதலில் போவது அங்கேதான். "மேட்டர் எழுத ஆள் இருக்கா?" என்று அங்கேதான் கேட்பார்கள். நான்கு அச்சகத்தில் உங்கள் கார்டு இருக்கட்டும். அவர்களுக்கு ஒரு உதவியும் செய்யலாம். யூனிகோடில் நீங்கள் கொடுத்த மேட்டர் அவர்களுடைய பழைய சாஃப்ட்வேரில் ஏறும்போது கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து நிற்கும். பிடிஎஃப் வந்ததும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துக் கொடுங்கள். தலைப்பில் "கொ" உடைந்து பத்தாயிரம் பிரதி அச்சான பிறகு யார் தவறு என்று பேசிப் பயனில்லை. ப்ரூஃப் பார்ப்பதை என் கட்டணத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இரண்டு முறை வரை இலவசம், மூன்றாவது முறைக்குத் தனி.

இலவசமாக மாதிரி எழுதித் தரச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

இருநூறு சொல் வரை கொடுக்கலாம், அதுவும் புதியவர்களுக்கு மட்டும். அதற்கு மேல் கேட்டால் பாதிக் கட்டணம் சொல்லுங்கள். ஒரு முறை ஐந்து பேருக்கு ஐந்து வெவ்வேறு அத்தியாயத்தை "மாதிரி" என்று பிரித்துக் கொடுத்து ஒரு முழுக் கையேட்டையே முடித்துக்கொண்டார்கள். அந்த ஐவரில் நானும் ஒருவன். அதற்கப்புறம், எந்தப் பகுதியை எழுதிக் காட்டுவது என்பதை நானே தேர்ந்தெடுக்கிறேன்.

எவ்வளவு கேட்பது? சொல்லுக்கா, பக்கத்துக்கா, மொத்தமாகவா?

இதை நிதானமாகப் படியுங்கள். பலர் நஷ்டப்படுவது இங்கேதான்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு என்றால் ஆங்கிலச் சொல் எண்ணிக்கைக்குத்தான் விலை பேச வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும். "இன் தி ஹவுஸ்" என்ற மூன்று சொல் "வீட்டில்" என்று ஒன்றாகிவிடும். "ஷி வில் நாட் கம்" என்ற நான்கு சொல் "வரமாட்டாள்" என்று முடிந்துவிடும். என் கணக்கில் ஆயிரம் ஆங்கிலச் சொல் தமிழில் எழுநூறிலிருந்து எண்ணூறு வரைதான் வருகிறது. உழைப்பு ஆயிரம் சொல்லுக்கு, கூலி எழுநூறுக்கு என்றால் எப்படி? தமிழ்ச் சொல் எண்ணிக்கைதான் கணக்கு என்று ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சி பிடிவாதமாக நின்றால், சொல்லுக்கான விலையை அதற்கேற்ப உயர்த்துங்கள்.

விலையை வைக்கும் வழி: முதலில் வீட்டுச் செலவு. மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் காப்பீடு, லேப்டாப் தேய்மானம், இன்டர்நெட், வரி, வயதான காலத்துக்கான சேமிப்பு எல்லாம் சேர்த்து 50,000 ஆகும். மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் காசு வரும் எழுத்து வேலை நடக்கும்? முப்பது நாள் இல்லை. ஞாயிறு, விசேஷம், காய்ச்சல், வேலை தேடும் நாள், பில் போடும் நாள் எல்லாம் கழித்தால் எனக்குப் பதினான்கு நாள்தான் மிஞ்சுகிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்குச் சுமார் 3,570 ரூபாய் வர வேண்டும். நல்ல தரத்தில் ஒரு நாளைக்கு 1,500 சொல் மொழிபெயர்த்தால், சொல்லுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 40 காசு.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனால் அதிர்ச்சியாக இருக்கும். ஐம்பது காசு, எழுபது காசு என்று கேட்கும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் நாளைக்கு ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரம் சொல் வரை ஓட்ட வேண்டும். இரண்டாவது வாரமே எழுத்து கெட்டுவிடும், கழுத்து வலி வந்துவிடும். ஆரம்பத்தில் அனுபவத்துக்காக ஓரிரு மாதம் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம். நேரடி வாடிக்கையாளரிடம் அந்த 2 ரூபாய் 40 காசு கிடைக்கும், என் அனுபவம் அது.

விளம்பர வாசகத்துக்குச் சொல் கணக்கே கூடாது. நான்கு சொல்லுக்கு நான்கு நாள் யோசிக்க நேரும். அதற்கு மொத்த விலை. வாழ்க்கை வரலாறு, மலர் போன்றவற்றுக்கும் மொத்த விலைதான். எத்தனை மணி நேரப் பேட்டி, எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் என்பதை மட்டும் எழுதி வைத்துவிடுங்கள்.

"கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று குறைக்கச் சொன்னால்?

விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "சரி சார், இந்த பட்ஜெட்டில் முதல் இருபது பக்கம் செய்கிறேன்" என்று சொல்லலாம். இல்லாவிட்டால் நாளைக் கூட்டிக் கேளுங்கள். காரணமே இல்லாமல் விலை இறங்கினால், முதலில் சொன்னதே பொய் விலை என்றாகிவிடும். கோயில் மலர், அரசுப் பள்ளி ஆண்டு மலர் போன்றவற்றுக்கு நான் மனமொப்பிக் குறைப்பதுண்டு. அப்போதும் பில்லில் முழுத் தொகையைப் போட்டு, கழிவைத் தனி வரியில் காட்டுவேன். அடுத்த முறை எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.

தெரிந்தவர்களிடம் போய் ஒப்பந்தம் கேட்டால் தப்பாக நினைப்பார்களே?

முத்திரைத்தாள் எல்லாம் வேண்டியதில்லை. பேசி முடித்த அன்று இரவே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியபடி இந்த வேலை, இந்தத் தேதி, இந்தத் தொகை, பாதி முன்பணம், இரண்டு முறை திருத்தம். சரியென்றால் ஒரு வரி பதில் போடுங்கள்." இதைத் தப்பாக நினைத்தவரை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கும் மறந்துபோகிறதே.

உரிமை விஷயம் மட்டும் கொஞ்சம் ஆழமானது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பணியின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு. தனியாக எழுதிக்கொடுப்பவருடைய எழுத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவர்தான். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க, எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடம் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கையேட்டுக்கும் துண்டறிக்கைக்கும் இதைப் பிடித்துத் தொங்க மாட்டேன், மொத்தமாகவே கொடுத்துவிடுவேன். ஆனால் ஒரு வரி சேர்ப்பேன்: "முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே உரிமை மாறும்." பணம் இழுக்கும்போது இந்த வரி பேசும். கதை, ஆடியோ தொடர், புத்தகம் என்றால் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். அச்சு, ஒலி, காட்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேசுங்கள்.

வேலையை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுக்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு வருடம் எனக்கு மூன்று இடத்தில் சேர்த்து எண்பதாயிரத்துக்கு மேல் நின்றுவிட்டது. பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதம். அன்று நான் கற்றுக்கொண்டதை அப்படியே சொல்கிறேன்.

முதலில், பாதி முன்பணம் வாங்காமல் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் முன்பணம் தராது, அவர்களிடம் பர்ச்சேஸ் ஆர்டர் கேளுங்கள், அதாவது இந்த வேலையை இந்தத் தொகைக்கு வாங்குகிறோம் என்று எண் போட்டுத் தரும் தாள். அந்த எண் இல்லாமல் போன பில் அக்கவுன்ட்ஸ் மேஜையில் அனாதையாகக் கிடக்கும்.

இரண்டாவது, உங்களுக்கு வேலை கொடுத்தவரும் பணம் கொடுப்பவரும் வேறு வேறு ஆட்கள். வேலை கொடுத்தவரைத் திட்டிப் பயனில்லை, உறவுதான் கெடும். அக்கவுன்ட்ஸ் பிரிவில் செக் போடுபவர் யார், எந்தக் கிழமை போடுகிறார் என்று பில் கொடுக்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பில் எண், அனுப்பிய தேதி, தொகை, யாரிடம் பேசினேன், அவர் என்ன தேதி சொன்னார் என்று ஐந்து கட்டம். "போன 12-ஆம் தேதி பேசினப்போ இந்த வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க மேடம்" என்று பார்த்துச் சொன்னால் போதும், குரலை உயர்த்தவே வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள். காலையில் அவர்களுக்கு ஆயிரம் வேலை.

மூன்றாவது, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சிறு தொழில்களைப் பதியும் அரசின் உத்யம் தளத்தில் சேவைத் தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள். 2020 ஜூலை முதல் இருக்கிறது, கட்டணம் எதுவும் கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. வேலையை எடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பது நல்லது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் அரசுத் தளத்தில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம். அது மாநில அரசு அமைத்த கவுன்சிலுக்குப் போகும்.

புகார் வரை நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டதே வேலை செய்தது. காரணம், 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொரு விதியும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராவிட்டால், உண்மையில் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வேலையை வாங்கியவர் அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். அவர்களுடைய ஆடிட்டர் மார்ச் மாதம் அந்த எண்ணைப் பார்த்தாலே, "இதை முதலில் கொடுத்து முடிங்க" என்று சொல்லிவிடுவார்.

ஜிஎஸ்டி, வருமான வரி?

சுருக்கமாக: சேவைக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கம்பெனிகள் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழித்துக் கட்டும் வரி, பிடிப்பார்கள். ஒரு இடத்திலிருந்து வருடத்தில் வரும் தொகை 50,000-ஐத் தாண்டினால் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வரித் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு.

வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறை சில தொழில்களுக்கு இருக்கிறது. சினிமாவுக்குக் கதை, வசனம், பாடல் எழுதுபவர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். விளம்பரமும் மொழிபெயர்ப்பும் செய்பவர்கள் எந்த முறையில் காட்டுவது என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு வரவிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மார்ச்சில் கைவசம் இருக்கும்.

வேலையே வராத மாதங்களை எப்படிச் சமாளிப்பது?

எந்த மாதம் காயும் என்பது இரண்டு வருடக் கணக்கு எழுதினால் தெரிந்துவிடும். எனக்கு ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நிற்க நேரமிருக்காது. தீபாவளி முடிந்ததும் நவம்பர் படுத்துவிடும். ஜனவரியில் பொங்கல், புத்தகக் கண்காட்சி என்று ஊரே வேறு நினைப்பில் இருக்கும், வேலை வந்தால் மலர் வேலைதான். பிப்ரவரி, மார்ச்சில் கம்பெனிகள் மிச்ச பட்ஜெட்டைச் செலவழிக்கும். ஏப்ரல், மே பள்ளி, கல்லூரி விளம்பரம். இது என் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கும்.

நவம்பர் காயும் என்று தெரிந்தால் விதையைச் செப்டம்பரில் போட வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. கை நிறைய வேலை இருக்கும்போது புதிய வேலை தேட மனம் வராது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நான் எழுதுவதில்லை. அந்த இரண்டு மணி நேரம் முழுக்க பழையவர்களுக்கு ஒரு தகவல், புதியவர்களுக்கு ஒரு கடிதம், வராத பணத்துக்கு ஒரு போன். எந்த அவசர வேலை இருந்தாலும் இந்த நேரத்தில் கை வைப்பதில்லை.

வீட்டுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள். வருகிற பணமெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் ஒன்றாம் தேதி ஒரே தொகையை வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். இதைத் தொடங்கிய பிறகுதான் என் மனைவி இதை ஒரு தொழில் என்று அடுத்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

ஒரே கம்பெனி மாதம் முழுக்க வேலை தருகிறது. அது போதாதா?

போதும் என்று தோன்றுவதுதான் ஆபத்து. மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால் அந்த மாதமே அடுத்த ஆளைத் தேடுங்கள். எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த மேலாளர் ஒருவர் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் தனக்குத் தெரிந்த ஆளைக் கூட்டி வந்துவிட்டார். அதில் யாருடைய தவறும் இல்லை. மாற்றலாகிப் போனவரை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அவர் சென்னையிலிருந்து கூப்பிட்டார்.

வெளிநாட்டுத் தமிழர் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, அறிவிப்புகளுக்குத் தமிழ் வேண்டும். கனடா, இங்கிலாந்தில் மருத்துவம், பள்ளி, சட்ட உதவி சார்ந்த மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆனால் கனடாவில் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஈழத்தமிழர்கள். நாம் "டிக்கெட்" என்பதை அவர்கள் "ரிக்கற்" என்று எழுதுவார்கள். "சாவியை" அவர்கள் "திறப்பு" என்பார்கள். நம் ஊர்த் தமிழை அங்கே திணிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் காசு கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் வந்ததற்கு பேங்க் கொடுக்கும் அந்நிய வரவுச் சான்றைப் பத்திரமாக வையுங்கள்.

ஏஐ வந்துவிட்டதே. இனி இந்தத் தொழில் இருக்குமா?

சில வேலைகள் போய்விட்டன, மறைக்க மாட்டேன். பொருள் விவரம், சாதாரணக் கட்டுரை இதெல்லாம் குறைந்துவிட்டது. பல ஏஜென்சிகள் இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரச் சொல்லிப் பாதி விலை பேசுகின்றன. திருத்துவது சில சமயம் புதிதாக எழுதுவதைவிட நேரம் எடுக்கும். அதனால் ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்த்து, மணிக்கணக்கில்தான் நான் விலை சொல்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கான தாளைப் பார்க்கக் கொடுத்தார்கள். இயந்திரம் போட்ட தமிழ். "டிஸ்சார்ஜ் ஏற்பட்டால் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்கவும்" என்று இருந்தது. காயத்திலிருந்து நீரோ சீழோ வடிந்தால் சொல்லுங்கள் என்பதுதான் ஆங்கிலத்தில் இருந்தது. நம் ஊரில் டிஸ்சார்ஜ் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது. அதைப் படிக்கும் பாட்டி, "அதான் டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களே" என்று சீழ் வடிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்த ஒரு வரியைக் காட்டியதும், இனி வெளியே போகும் எல்லாத் தாளும் என் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த வேலை இன்றும் இருக்கிறது. தப்பானால் யாருக்காவது அடிபடும் எழுத்து எதுவோ, அதன் பக்கம் நகருங்கள்.

சொந்தமாக எழுத நேரமே கிடைப்பதில்லை.

காலையில் முதல் ஒரு மணி நேரத்தை உங்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கதையோ கட்டுரையோ, ஒரு பக்கம். இரவில் எழுதலாம் என்று வைத்தால் நடக்காது. நாள் முழுக்க அடுத்தவர் வாக்கியத்தில் இருந்த மனம் இரவில் தன் வாக்கியத்துக்குத் திரும்பாது.

பழைய வாடிக்கையாளரிடம் போய் வேலை இருக்கிறதா என்று கேட்பது கெஞ்சுவது போல இருக்காதா?

கேள்வியாகக் கேட்டால் அப்படித் தோன்றலாம். தகவலாகச் சொல்லுங்கள். அவருடைய பழைய வேலையைப் பற்றிய ஒரு விவரம், இப்போது அவருக்குத் தேவைப்படக்கூடிய ஒன்று, உங்களுக்கு நேரம் இருக்கும் தேதி. மூன்றும் இருந்தால் போதும். போன செப்டம்பரில் நான் ஒருவருக்கு அனுப்பியது இது:

"வணக்கம் சார். போன வருடம் நாம் போட்ட மோட்டார் கையேட்டில் சர்வீஸ் சென்டர் நம்பர் இரண்டு மாறியிருப்பதாக உங்கள் டீலர் கடையில் சொன்னார்கள். மறு அச்சுக்குப் போவதாக இருந்தால் அதையும், புதிய மாடலுக்கான நான்கு பக்கத்தையும் சேர்த்தே முடித்துவிடலாம். நவம்பர் முதல் இரண்டு வாரம் எனக்கு நேரம் இருக்கிறது. பழைய கட்டணம்தான்."

பதில் வர பதினொரு நாள் ஆனது. "மாடல் மூணு சார். அடுத்த திங்கள் வாங்க" என்று வந்தது.